மதிப்பெண் குறைவு என்றால், எந்தக் கல்லூரிக்குக் குறைவு?

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் முடிவு திரையில் வருகிறது: 1120. கணிதத்தில் 640, வாசிப்பிலும் எழுத்திலும் சேர்த்து 480. உச்ச மதிப்பெண் 1600. பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறது. அப்பா கைபேசியில் ஹார்வர்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று தேடிப் பார்த்துவிட்டு, அமெரிக்கா நமக்குச் சரிப்படாது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்.

அவர் தேடிய இடம் தவறு. அமெரிக்காவில் நான்காண்டுப் பட்டம் தரும் கல்லூரிகள் இரண்டாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேரைக்கூடச் சேர்க்காதவை அவற்றில் விரல் விட்டு எண்ணக்கூடியவை. பாதிக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகளே பெரும்பான்மை. முதல் வகையின் பெயர்கள் ஊர் உலகத்துக்கே தெரியும். இரண்டாம் வகையின் பெயர்களை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஆகவே "மதிப்பெண் குறைவு" என்று மட்டும் சொன்னால் அது பாதிப் பேச்சு. எந்தத் தேர்வில் குறைவு, எந்தக் கல்லூரிக்குக் குறைவு, சேர்க்கைக்கா உதவித்தொகைக்கா என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க முடியும்.

வாசற்படியும் எடைக்கல்லும்

வெளிநாட்டு மாணவர் எழுதும் தேர்வுகள் இரண்டு இனம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

ஆங்கிலத் தேர்வு ஒரு வாசற்படி. டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ்., டியோலிங்கோ, பி.டி.இ. எல்லாம் இந்த இனம். கல்லூரி ஓர் எல்லை வைத்திருக்கும். டோஃபலின் பழைய 120 அளவுகோலில் 79 அல்லது 80, ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் 6.5 என்பவை இளநிலைப் படிப்புகளில் அடிக்கடி கண்ணில் படும் எல்லைகள். தாண்டிவிட்டால் அந்தக் கேள்வி தீர்ந்தது. பெரும்பாலான இடங்களில் 80 வாங்கியவரும் 110 வாங்கியவரும் அதற்குப் பிறகு ஒன்றுதான். தாண்டாவிட்டால், மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கோப்பு அங்கேயே நிற்கும்.

எஸ்.ஏ.டி., அதைப் போன்ற ஏ.சி.டி., முதுநிலைக்கான ஜி.ஆர்.இ. ஆகியவை எடைக்கற்கள். பெரும்பாலான கல்லூரிகளில் இவற்றுக்கு எல்லைக்கோடு கிடையாது. பள்ளி மதிப்பெண், எடுத்த பாடங்கள், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், பள்ளிக்கு வெளியே செய்தவை எல்லாம் ஒரு தட்டில் ஏறும். தேர்வு மதிப்பெண்ணும் அதில் ஒரு கல். கல் லேசாக இருந்தால் மற்றவற்றால் ஈடுகட்டலாம். சில கல்லூரிகளில் அந்தக் கல்லை வைக்காமலே நிறுக்கச் சொல்லலாம்.

குறைந்தது வாசற்படித் தேர்வு என்றால், கட்டுரையை எத்தனை முறை மெருகேற்றினாலும் பயனில்லை. அங்கே செய்ய வேண்டியவை வேறு. பள்ளியில் முழுக்க ஆங்கில வழியில் படித்தவர்களுக்குச் சில கல்லூரிகள் இந்தத் தேர்விலிருந்து விலக்குத் தருகின்றன; தலைமையாசிரியரின் கடிதம் போதுமா, எத்தனை ஆண்டு படித்திருக்க வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஒரு தேர்வில் தடுமாறுபவருக்கு இன்னொன்று ஒத்துவரலாம். டியோலிங்கோ தேர்வை வீட்டிலிருந்தே ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் எழுதிவிடலாம்; 10 முதல் 160 வரை மதிப்பெண். ஆனால் எல்லாக் கல்லூரிகளும் அதை ஏற்பதில்லை. ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் மொத்தம் 6.5 வந்து எழுத்தில் மட்டும் 5.5 என்றால், பல நாடுகளில் கணினியில் எழுதியவர்கள் அந்த ஒரு பகுதியை மட்டும் 60 நாளுக்குள் மறுபடி எழுத வழி இருக்கிறது. அதைக் கல்லூரி ஒப்புக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். இன்னொன்று: 2026 ஜனவரியிலிருந்து டோஃபல் 1 முதல் 6 வரையிலான புதிய அளவுகோலுக்கு மாறியிருக்கிறது. பழைய எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு புதிய சான்றிதழைப் பார்த்து மிரள வேண்டாம்.

இவை எதுவும் கைகொடுக்காவிட்டால் நிபந்தனைச் சேர்க்கை என்று ஒன்று உண்டு. படிப்பில் தகுதி இருக்கிறது, ஆங்கிலம் மட்டும் போதவில்லை என்றால், முதலில் ஒன்றிரண்டு பருவம் ஆங்கிலப் பயிற்சி, தேறினால் பட்டப்படிப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பருவங்களுக்கும் கட்டணமும் தங்கும் செலவும் உண்டு. அந்த வகுப்புகள் பட்டத்துக்கான கிரெடிட்டில் சேராமலும் போகலாம். விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவமும் முதலில் அந்த ஆங்கிலப் பயிற்சிக்கோ, பட்டத்துக்கு முன்னோடியான பாத்வே படிப்புக்கோதான் வரும், பட்டப்படிப்புக்கு வராது. நான்காண்டுச் செலவு என்று போட்ட கணக்கை ஐந்தாண்டாக மாற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அந்த ஒரு அட்டவணை

1120 எந்தக் கல்லூரிக்குக் குறைவு என்று கண்டுபிடிக்க யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவை ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்ற ஒரே மாதிரிப் படிவத்தை நிரப்பித் தங்கள் இணையதளத்தில் போட்டுவைக்கின்றன. கல்லூரிப் பெயரோடு இந்தப் பெயரையும் சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும். நீளமான ஆவணம்தான், நமக்கு வேண்டியது இரண்டு இடங்கள்.

முதலாவது, சி9 என்று குறியிட்ட அட்டவணை. சேர்ந்த மாணவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், நூற்றுக்குக் கீழிருந்து 25-ஆவது ஆள் என்ன வாங்கினார், 50-ஆவது ஆள், 75-ஆவது ஆள் என்ன வாங்கினார் என்று அதில் இருக்கும். ஒரு கல்லூரியில் 25-க்கு நேராக 1080, 75-க்கு நேராக 1290 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே 1120 குறைவே இல்லை; வகுப்பின் நடுக்கூட்டத்தில், சற்றுக் கீழ்ப்பக்கமாக நிற்கிறது. இன்னொரு கல்லூரியில் இதே எண்கள் 1350, 1500 என்றால் 1120 கீழ்க்கோட்டுக்கும் வெகு கீழே. அப்படியானால் அங்கேயும் கால்வாசிப் பேர் 1350-க்குக் கீழே வாங்கிச் சேர்ந்திருக்கிறார்களே என்று தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கால்வாசியில் விளையாட்டு வீரர்கள், அந்த மாநிலத்தவர், பழைய மாணவர்களின் பிள்ளைகள் எனப் பலவகையினர் இருக்கலாம். வெளிநாட்டு மாணவர் அந்தக் கூட்டத்தில் தனக்கும் ஓர் இடம் இருப்பதாக எண்ணிக்கொள்வது ஆபத்து.

இந்த அட்டவணையில் ஒரு கண்கட்டு வித்தையும் உண்டு. மதிப்பெண் அனுப்புவது மாணவர் விருப்பம் என்று ஆன பிறகு, நல்ல மதிப்பெண் உள்ளவர்கள்தான் பெரும்பாலும் அனுப்புகிறார்கள். அதனால் எண்கள் வீங்கிக் காட்சியளிக்கின்றன. அட்டவணைக்கு மேலேயே, சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் மதிப்பெண் கொடுத்தார்கள் என்ற வரி இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். நூற்றில் 25 பேர் மட்டுமே கொடுத்த கல்லூரியில் அந்த 1350 என்பது மொத்த வகுப்பின் கதை ஆகாது. மற்ற 75 பேர் எண்ணே காட்டாமல் உள்ளே போயிருக்கிறார்கள். நீங்களும் காட்டாமல் போகலாமா என்பதே அங்கே கேள்வி.

இரண்டாவது இடம் சி7. சேர்க்கையில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று கல்லூரியே டிக் அடித்து வைத்திருக்கும் பட்டியல். எடுத்த பாடங்களின் கடினம், பள்ளி மதிப்பெண், தேர்வு மதிப்பெண், கட்டுரை, பரிந்துரை, நேர்காணல், கல்லூரி மீது காட்டிய ஆர்வம் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மிக முக்கியம், முக்கியம், கவனிப்போம், கவனிக்க மாட்டோம் என்று நான்கு கட்டங்கள். தேர்வு மதிப்பெண் "கவனிப்போம்" கட்டத்திலும் பள்ளிப் பாடங்கள் "மிக முக்கியம்" கட்டத்திலும் இருந்தால், 1120 வாங்கியவருக்கு அது நல்ல இடம். "காட்டிய ஆர்வம்" முக்கியம் என்று இருந்தால், அவர்களின் இணையவழி அறிமுகக் கூட்டத்தில் கலந்துகொள்வது, நேர்காணல் தந்தால் ஒப்புக்கொள்வது போன்றவை கணக்கில் வரும். இதைப் படிக்காமல் இருபது கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் 50 முதல் 90 டாலர் வரை போகிறது.

அனுப்பாமல் இருக்கும் உரிமை

மதிப்பெண் கட்டாயம் இல்லை என்ற கொள்கை கோவிட் காலத்தில் முளைத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். மேய்ன் மாநிலத்தின் போடின் கல்லூரி 1969-லேயே அதைக் கொண்டுவந்துவிட்டது. சிகாகோ பல்கலைக்கழகம் 2018-இல் சேர்ந்தது. 2020-இல் தேர்வு மையங்கள் மூடப்பட்டபோது ஏறக்குறைய எல்லோரும் அந்த வழிக்கு வந்தார்கள். பிறகு சிலர் திரும்பிப் போனார்கள்: எம்.ஐ.டி. 2022-இல், டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக் 2024-இல். ஃபுளோரிடாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் கோவிட் காலத்திலும் விடவில்லை. கொலம்பியா நிரந்தரமாகவே விருப்பம் என்று அறிவித்தது. ஆகவே மூன்றாண்டுக்கு முன் போன அண்ணனின் அனுபவம் இன்றைக்கு உதவாது. நீங்கள் சேரப்போகும் ஆண்டுக்கான பக்கத்தைக் கல்லூரியின் சொந்தத் தளத்திலேயே பார்க்க வேண்டும்.

சொல்லாட்சியிலும் கவனம் வேண்டும். "விருப்பம்" என்றால், கொடுத்தால் பார்ப்பார்கள், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டார்கள். "பார்ப்பதில்லை" என்பது வேறு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் எவையும் சேர்க்கை முடிவில் எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை; 1600 வாங்கியிருந்தாலும் வீண். அதனால் அங்கே நுழைவது எளிது என்று எண்ணிவிடக் கூடாது. மாநிலத்துக்கு வெளியிலிருந்து வருபவரின் பள்ளி மதிப்பெண் 4-க்கு 3.4 ஜி.பி.ஏ.வுக்கு (சராசரிப் புள்ளிக்கு) குறையக் கூடாது என்பது விண்ணப்பிப்பதற்கான அடிப்படைத் தகுதி மட்டுமே. "ஏதேனும் ஒன்று" என்று மூன்றாவது வகையும் உண்டு. யேல், எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி.க்குப் பதிலாக, பள்ளியில் படிக்கும்போதே எழுதும் ஏ.பி., ஐ.பி. பாடத் தேர்வுகளின் முடிவுகளையும் ஏற்கிறது.

"விருப்பம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்துகள் இருக்கும். சில இடங்களில் அந்தச் சலுகை வெளிநாட்டு மாணவருக்குக் கிடையாது. சில இடங்களில் பொறியியலுக்கும் நர்சிங்குக்கும் மட்டும் மதிப்பெண் கட்டாயம். சில இடங்களில் சேர்க்கைக்கு வேண்டாம், உதவித்தொகைக்கு வேண்டும். ஆங்கிலத் தேர்வு தனி. இந்தச் சலுகை அதைத் தொடாது. தெளிவாக இல்லாவிட்டால் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். சுயசரிதை வேண்டாம். "நான் இன்ன நாட்டிலிருந்து 2027 இலையுதிர் பருவத்துக்கு, கணினி அறிவியலுக்கு விண்ணப்பிக்கிறேன். மதிப்பெண் அனுப்பாமல் விண்ணப்பிக்கும் வழி எனக்கும் பொருந்துமா? தகுதி உதவித்தொகைக்கும் பொருந்துமா?" இவ்வளவுதான். பதில் எழுத்தில் கையில் இருந்தால் பின்னால் சண்டை வராது.

அனுப்புவதா வேண்டாமா என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளியது. உங்கள் எண் சி9 அட்டவணையின் நடு எண்ணை எட்டினால் அனுப்புங்கள். 25-ஆவது ஆளுக்கும் கீழே என்றால் அனுப்பாதீர்கள். இடையில் இருந்தால் பள்ளிச் சான்றிதழைப் பாருங்கள். அது பலமாக இருந்தால் மதிப்பெண்ணை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். அது சுமாராக இருந்தால், சுமாரான எண்கூட ஏதோ ஒரு சான்றாக உதவும். டார்ட்மத் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தபோது சொன்ன காரணமும் இதைச் சார்ந்ததே: வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த மாணவர்களில் சிலர், தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய மதிப்பெண்ணையும் அனுப்பாமல் மறைத்துவிட்டார்களாம். அனுப்புவதில்லை என்று முடிவு செய்தபின் அந்த எண் வேறெங்கும் தலைகாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் தன் பரிந்துரைக் கடிதத்தில் "எஸ்.ஏ.டி.யில் 1120 பெற்ற இம்மாணவர்" என்று பெருமையோடு எழுதி, காட்டிக்கொடுத்துவிட்ட சம்பவங்கள் உண்டு.

மறுபடி எழுதுவது பற்றி ஒரு சொல். பல கல்லூரிகள் வெவ்வேறு நாளில் எழுதிய பகுதிகளில் உயர்ந்ததை எடுத்துக் கூட்டிக்கொள்கின்றன, சூப்பர்ஸ்கோர் என்பார்கள். முதல் முறை கணிதம் 640, மொழி 480. இரண்டாம் முறை கணிதம் 600, மொழி 560. தனித்தனியே 1120, 1160. சேர்த்தெடுத்தால் 1200. ஆகவே இரண்டாம் முறைக்கு முழுக்க முழுக்க மொழிப் பகுதிக்கே தயாராகலாம், கணிதம் சற்றுச் சறுக்கினாலும் பாதகமில்லை. மூன்று முறைக்கு மேல் எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த நேரத்தில் பள்ளி மதிப்பெண் சரிந்துவிடும். அது பெரிய நட்டம்.

எண் இல்லாத இடத்தில் எது பேசும்?

பள்ளிச் சான்றிதழ்தான் முதலில் பேசும். நான்காண்டுப் பாடங்களும் மதிப்பெண்களும் ஒரே காலையில் எழுதிய இரண்டே கால் மணி நேரத் தேர்வைவிட அதிகம் சொல்லும் என்று பெரும்பாலான சேர்க்கை அதிகாரிகள் கருதுகிறார்கள். ஏறுமுகமா இறங்குமுகமா, கடினமான பாடங்களை எடுத்தாரா தவிர்த்தாரா என்று பார்ப்பார்கள். பொறியியல் கேட்பவர் கடைசி ஆண்டில் கணிதத்தில் என்ன வாங்கினார் என்பது, வாசிப்புப் பகுதியில் 480 வந்ததைவிட முக்கியம்.

காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்குப் பத்துக் கட்டங்கள், ஒவ்வொன்றின் விவரிப்புக்கும் 150 எழுத்து இடம். முதன்மைக் கட்டுரைக்கு 650 சொல். அந்தக் கட்டுரையில் மதிப்பெண்ணைப் பற்றி அழுவது வீண். விளக்கம் தேவை என்றால் கூடுதல் தகவல் என்ற தனிப் பகுதி இருக்கிறது. அங்கேயும் இப்படி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்:

"சிறு வயது முதலே எனக்குத் தேர்வு என்றால் பயம். இந்த மதிப்பெண் என் உண்மையான திறமையைக் காட்டவில்லை. தாங்கள் பெருந்தன்மையோடு பரிசீலிக்க வேண்டுகிறேன்."

படிப்பவருக்கு இதில் ஒரு தகவலும் இல்லை. பயம் எல்லோருக்கும் உண்டு. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"பத்தாம் வகுப்பு வரை நான் என் தாய்மொழியில் படித்தேன். ஆங்கில வழிக்கு மாறிய பதினெட்டாவது மாதத்தில் எஸ்.ஏ.டி. எழுதினேன். ஆறு மாதம் கழித்து எழுதிய ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் வாசிப்புப் பகுதியில் 7 பெற்றேன்."

மூன்று வாக்கியம். காரணம் இருக்கிறது, காலம் இருக்கிறது, சரிபார்க்கத்தக்க சான்றும் இருக்கிறது. 480 என்ற எண் இப்போது வேறு மாதிரிப் படிக்கப்படும். சொல்லத்தக்க காரணம் இல்லாவிட்டால் அந்தப் பகுதியை வெறுமையாக விடுங்கள். வெறுமையாக விட்டதற்காக யாரையும் நிராகரிப்பதில்லை.

உண்மையான அடி பணத்தில் விழும்

இதைத்தான் பலரும் தாமதமாக உணர்கிறார்கள். குறைந்த மதிப்பெண்ணால் இடம் கிடைக்காமல் போவதைவிட, கட்டணச் சலுகை கிடைக்காமல் போவதே அதிகம் நடக்கிறது. பாதிப் பேரைச் சேர்க்கும் கல்லூரி உங்களையும் சேர்த்துக்கொள்ளும். முழுக் கட்டணம் கட்டுபவராகச் சேர்த்துக்கொள்ளும். சில அரசுப் பல்கலைக்கழகங்கள் பள்ளி மதிப்பெண் இவ்வளவு, எஸ்.ஏ.டி. இவ்வளவு என்றால் ஆண்டுக்கு இத்தனை டாலர் தள்ளுபடி என்று அட்டவணையே வெளியிடுகின்றன. அங்கே இன்னும் 40 மதிப்பெண் எடுத்தால் நான்காண்டில் பல ஆயிரம் டாலர் மிச்சமாகலாம். மறுபடி எழுதுவது பொருளுள்ள செயலாகும் இடம் அதுதான்.

வெளிநாட்டு மாணவருக்கு அமெரிக்க அரசின் கல்வி உதவி கிடையாது. குடும்பத்தால் கட்ட முடியுமா என்று பார்க்காமல் சேர்த்து, தேவையான உதவியையும் தரும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்றவை மிகச் சில. அவை நுழைவதற்கு மிகக் கடினமானவையும்கூட. மற்ற கல்லூரிகளில் நிலவரம் என்ன என்று அறிய, அதே காமன் டேட்டா செட்டில் எச்6 என்ற இடத்துக்குப் போங்கள். வெளிநாட்டு மாணவரில் எத்தனை பேருக்குப் பண உதவி கொடுத்தார்கள், சராசரி எவ்வளவு என்று அங்கே இருக்கும். உதவி பெற்றவர் எண்ணிக்கை ஒற்றை இலக்கமாக இருந்தால், இணையதளத்தின் முகப்பில் சிரித்துக்கொண்டு நிற்கும் வெளிநாட்டு மாணவரின் படத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

பணமும் மதிப்பெண்ணும் சேர்ந்தே இடிக்கிறது என்றால் கம்யூனிட்டி கல்லூரியைப் பற்றி யோசிக்க வேண்டும். இரண்டாண்டுக் கல்லூரி, எஸ்.ஏ.டி. கேட்பதில்லை; ஆங்கில எல்லையும் பொதுவாகத் தாழ்வு. அங்கே இரண்டாண்டு படித்துவிட்டு நான்காண்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் போய்ச் சேரலாம். கிடைக்கும் பட்டம் அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டமே. கலிஃபோர்னியாவில் இதற்கு உறுதிச் சேர்க்கை ஒப்பந்தமே இருக்கிறது: கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஏதேனும் ஒன்றோடு, குறிப்பிட்ட பாடங்களைக் குறிப்பிட்ட ஜி.பி.ஏ.யோடு முடித்தால் இடம் உறுதி. வெளிநாட்டு மாணவரும் பயன்படுத்தலாம். விண்ணப்பம் செப்டம்பர் மாதம் மட்டுமே. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலிஸும் இந்த ஒப்பந்தத்தில் இல்லை, எல்லாப் பாடப்பிரிவுகளுக்கும் இது பொருந்துவதும் இல்லை.

இந்த வழியில் பள்ளிக்கூட எண்கள் ஏறக்குறைய மறைந்துபோகின்றன. கம்யூனிட்டி கல்லூரியில் நீங்கள் எடுக்கும் ஜி.பி.ஏ.தான் உங்கள் முகம். ஆனால் முதல் பருவத்திலேயே மாற்றல் ஆலோசகரைப் பார்த்து, எந்தப் பாடம் எங்கே செல்லும் என்று எழுதி வாங்கிக்கொள்ளாதவர்கள் மூன்றாண்டு அங்கேயே சுற்றுவதும் உண்டு. தங்கும் விடுதியும் பெரும்பாலான கம்யூனிட்டி கல்லூரிகளில் கிடையாது. கௌரவக் குறைவு என்று உறவினர்கள் முகம் சுளிப்பார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

முதுநிலைக்குப் போகிறவர்களுக்கு

இங்கே முடிவெடுப்பது துறை. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை ஜி.ஆர்.இ. கேட்கும், பக்கத்துக் கட்டிடத்தில் இருக்கும் துறை கேட்காது. உயிரியல் துறைகள் பல அதைக் கைவிட்டுவிட்டன. ஆகவே பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தோடு நிற்காமல் துறையின் பக்கம் வரை போங்கள். 2023 செப்டம்பரிலிருந்து ஜி.ஆர்.இ. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. 12 மாதத்தில் ஐந்து முறை வரை எழுதலாம், எந்த நாளின் முடிவை அனுப்புவது என்பதும் உங்கள் கையில். நோக்க அறிக்கையும், உங்கள் வேலையை நேரில் அறிந்த ஆசிரியர்களின் கடிதங்களும் இங்கே கனமான கற்கள். செமினார் தலைப்பு ஒன்றைக்கூட நினைவில் வைத்திராத துறைத்தலைவரின் கடிதத்தைவிட, ஆய்வகத்தில் உங்களோடு நின்ற இளம் ஆசிரியரின் கடிதம் மேல். ஆசிரியர் உதவியாளர் வேலையை நம்பிப் போகிறவர்கள் ஆங்கிலத் தேர்வின் பேசும் பகுதிக்குத் தனி எல்லை இருக்கிறதா என்று பாருங்கள். அது சேர்க்கைக்கான எல்லையைவிட உயரமாக இருக்கும்.

"எந்த மதிப்பெண்ணும் வேண்டாம்"

குறைந்த மதிப்பெண்காரரைத் தேடி ஆட்கள் வருவார்கள். அமெரிக்கச் சட்டம், உள்நாட்டு மாணவரைச் சேர்த்துவிடுவதற்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுப்பதைத் தடை செய்திருக்கிறது. அரசு உதவித்தொகைக்குத் தகுதியில்லாத, வெளிநாட்டில் வசிக்கும் மாணவருக்கு அந்தத் தடையில்லை. எனவே உங்கள் ஏஜென்ட் "இலவச ஆலோசனை" தருகிறார் என்றால் அவருக்குப் பணம் கல்லூரியிடமிருந்து வருகிறது என்று பொருள். அவர் தரும் பட்டியல் பெரும்பாலும் அவருக்குக் கமிஷன் தரும் கல்லூரிகளின் பட்டியல். அதில் நல்ல கல்லூரிகளும் இருக்கலாம். சி9-ஐயும் எச்6-ஐயும் நீங்களே திறந்து பார்க்கும்வரை தெரியாது. அமெரிக்க வெளியுறவுத் துறை நடத்தும் எஜுகேஷன்யு.எஸ்.ஏ. மையங்கள் 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கின்றன. அங்கே ஆலோசனைக்குக் கமிஷன் கிடையாது.

எதுவும் கேட்காமல் சேர்க்கும் இடங்களிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 2015-இல் மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று முளைத்தது. இணையதளம், சின்னம், சேர்க்கைக் கடிதம் எல்லாம் இருந்தன. வகுப்பும் ஆசிரியரும்தான் இல்லை. விசா மோசடியைப் பிடிக்க அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகளே வைத்த பொறி அது என்பது 2019 ஜனவரியில் வெளியே வந்தபோது, கட்டணம் கட்டிப் பதிவு செய்திருந்த மாணவர்கள் பலர் கைதானார்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் யார் கொடுத்தது, அந்த அமைப்பின் தளத்தில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அங்கே படித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவரிடம் "இன்று என்ன வகுப்பு நடந்தது" என்று கேட்பது அதைவிட நல்ல சோதனை.

இத்தனைக்கும் பிறகு மே மாதம் வந்து கையில் எதுவும் இல்லை என்றால்? பெரும்பாலான கல்லூரிகளில் சேர்க்கையை உறுதிசெய்யக் கடைசி நாள் மே 1. அதற்குப் பிறகும் பல கல்லூரிகளில் இடம் மீந்திருக்கும். கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்களின் தேசியச் சங்கமான நேகாக், ஒவ்வோர் ஆண்டும் மே மாதத் தொடக்கத்தில் அப்படிப்பட்ட கல்லூரிகளின் பட்டியலை இலவசமாக வெளியிடுகிறது. விடுதி இடம் இருக்கிறதா, பண உதவி மீதம் இருக்கிறதா என்ற விவரத்தோடு. அதில் பெயர் கண்டு எழுதும்போது முதலில் கேட்க வேண்டியது, ஐ-20 படிவம் எத்தனை நாளில் வரும் என்பதை. அது வந்த பிறகுதான் வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர் கட்டி விசா நேர்காணலுக்குப் போக முடியும். நேர்காணலுக்கு நாள் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும் ஊர் என்றால் ஆகஸ்ட் வகுப்பை விட்டுவிட்டு, ஜனவரிப் பருவத்தில் இடம் தருவார்களா என்று அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.